சிப் டிசைனுக்கு பேட்டன்ட்: நகையை அடகு வைக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிங்க



செட்டியார்பட்டியில் இருந்து ஒரு தம்பி போன் பண்ணினார். இன்ஜினியரிங் கடைசி வருஷம். கரண்ட் கம்மியா எடுக்கிற ஒரு ப்ராசஸர் டிசைன் கையில வச்சிருக்கார். "அண்ணா, பேட்டன்ட் வாங்கித் தர்றதுக்கு ஒருத்தர் 60,000 ரூபாய் கேட்கிறார். அம்மா நகையை அடகு வச்சிரவா?" "கொஞ்சம் பொறுங்க தம்பி"ன்னேன். அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்றேன்.

எதுக்கு பேட்டன்ட் கிடைக்கும்?

நம்ம பக்கத்துத் தறியையே எடுத்துக்கோங்க. "வேகமா நெய்யணும்" என்பது வெறும் ஆசை. அதுக்குப் பேட்டன்ட் கிடையாது. அந்த வேகத்தைக் கொடுக்கிற புது அமைப்பைத் தறியில் எப்படிப் பொருத்தணும்னு விளக்கினால், அது கண்டுபிடிப்பு. சிப்புக்கும் இதே கதைதான். 1970 பேட்டன்ட் சட்டத்தின் 3ஆவது பிரிவுப்படி, வெறும் அல்காரிதத்துக்கும் சிப்பின் லேஅவுட்டுக்கும் பேட்டன்ட் இல்லை. லேஅவுட்டுக்கு 2000ஆம் ஆண்டு தனிச் சட்டம் இருக்கு; அதில் பதிவு செய்தால் 10 வருஷப் பாதுகாப்பு. பேட்டன்ட்டுக்கு 20 வருஷம்.

அரசுக் கட்டணம் எவ்வளவு?

தனிநபர் ஆன்லைனில் விண்ணப்பிக்க 1,600 ரூபாய். முதலில் தற்காலிக விவரக்குறிப்பு மட்டும் கொடுத்துத் தேதியைப் பிடிச்சுக்கலாம். 12 மாசத்துக்குள்ள முழு விவரக்குறிப்பு கொடுக்கணும். தவறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதா ஆகிடும். பரிசோதனை கேட்க 4,000. பக்கங்கள் கூடாத வரை மொத்தம் 5,600 ரூபாய்தான். கிடைச்ச பிறகு, 3ஆம் வருஷத்தில் இருந்து புதுப்பிப்புக் கட்டணம் உண்டு. வருஷம் 800இல் ஆரம்பிச்சு, கடைசி ஐந்து வருஷம் 8,000 வரை போகும்.

ஏஜென்ட்டே வேண்டாம்னு சொல்லல. உரிமை கோரும் வாசகங்களை எழுதுறது அனுபவம் கேட்கிற வேலை. ஆனா அந்தச் செலவை முதல் நாளே செய்யணும்னு இல்லை.

பெரிய தப்பு எது?

விண்ணப்பிக்கிறதுக்கு முன்னாடியே யூடியூபிலோ கண்காட்சியிலோ டிசைனை விளக்கிடுறது. வெளியே தெரிஞ்சிட்டா "புதுசு" என்ற தகுதி போயிடலாம். விதிவிலக்குகள் ரொம்பக் குறைவு. கல்லூரி லேபில் செய்ததா இருந்தா, உரிமை யாருக்குன்னு முதலில் எழுத்தில் கேட்டுக்கோங்க.

பேட்டன்ட் இருந்தா பணம் வந்துருமா?

வராது. அதை வாங்கவோ லைசன்ஸ் எடுக்கவோ ஆள் வேணும். சென்னை ஐஐடியின் 'சக்தி' ப்ராசஸரைப் பாருங்க. ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டமைப்பில் உருவாக்கி, டிசைனையே எல்லாருக்கும் திறந்து விட்டாங்க. 2018இல் சிப்பாவும் வந்துச்சு. பூட்டி வைக்கிறது ஒரு வழி, திறந்து விட்டுப் பேர் சம்பாதிக்கிறது இன்னொரு வழி. எது உங்களுக்குன்னு செலவுக்கு முன்னாடியே முடிவு பண்ணுங்க.

ராயல்டி வந்தா வரிச் சலுகையும் உண்டு. 1961 வருமான வரிச் சட்டத்தின் 80ஆர்ஆர்பி பிரிவில், பழைய வரி முறையில் இருக்கிற தனிநபருக்கு 3 லட்சம் வரை கழிவு கொடுத்தாங்க. ஆனா வருமானமே இல்லாம கழிவு எதுக்கு?

அதனால தம்பிக்கு நான் சொன்னது இதுதான்: 1,600 கட்டி தேதியைப் பிடிங்க. அந்த 12 மாசத்தில் டிசைனை வாங்க யாராவது இருக்காங்களான்னு தேடுங்க. ஆள் கிடைச்சா ஏஜென்ட்டுக்குத் தாராளமா செலவு பண்ணுங்க. அதுவரை அம்மா நகை பீரோவிலேயே இருக்கட்டும்.

சந்தேகம் இருந்தா கமென்ட்ல கேளுங்க, அடுத்த வீடியோவில் பதில் சொல்றேன்.