ராபினின் மகன்

தந்தை பெயரின் முதலெழுத்தைத் தம் பெயருக்கு முன்னே எழுதுவது நம் வழக்கம். தலைமுறை மாறினால் அவ்வெழுத்தும் மாறிவிடும். ஆங்கிலேயரிடையே குடும்பப் பெயர் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து வரும். அத்தகைய பெயர்களுள் ஒன்றே ‘ராபின்சன்’.

‘ராபினின் மகன்’ என்பது இதன் பொருள். ராபின் என்பது ராபர்ட் என்னும் பெயரின் செல்ல வடிவம். ராபர்ட்டோ, ‘புகழ்’, ‘ஒளி’ என்று பொருள்படும் இரு பழைய ஜெர்மானியச் சொற்களின் சேர்க்கை. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பின் அப்பெயர் அங்கே பெருவழக்காயிற்று.

குடும்பப் பெயர் இயற்பெயராக மாறுவதும் உண்டு. டானியல் டீஃபோ 1719-இல் வெளியிட்ட நாவலின் நாயகன் ராபின்சன் குரூசோவை நாம் அறிவோம். அவனுக்குக் குரூசோ தந்தை வழிப் பெயர். ராபின்சன் தாய் வீட்டுக் குடும்பப் பெயர்!

கற்பனையை விட்டு வரலாற்றுக்கு வருவோம். 1919 ஜனவரி 31-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், குத்தகை உழவர் குடும்பம் ஒன்றில் ஒரு கறுப்பினக் குழந்தை பிறந்தது. அம்மாதம்தான் முன்னாள் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் மறைந்திருந்தார். அவர் நினைவாகக் குழந்தைக்கு ஜாக் ரூஸ்வெல்ட் ராபின்சன் என்று பெயரிட்டனர். ஆக, அவருடைய நடுப்பெயரும் பிறிதொருவரின் குடும்பப் பெயரே.

இவரே ஜாக்கி ராபின்சன். 1944-இல் இராணுவத்தில் பணியாற்றியபோது, பேருந்தின் பின்பகுதிக்குப் போகச் சொன்னதை மறுத்தார். இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு, குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பெரிய பேஸ்பால் குழுக்கள் கறுப்பினத்தாருக்குக் கதவடைத்திருந்தன. 1947 ஏப்ரல் 15-இல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் குழுவுக்காகக் களமிறங்கி அக்கதவைத் திறந்தார் ராபின்சன். வசைமாரி பொழிந்தது, கொலை மிரட்டல்கள் வந்தன. பதிலுக்குப் பதில் பேசுவதில்லை என்று குழுத் தலைவர் பிராஞ்ச் ரிக்கிக்கு அவர் வாக்களித்திருந்தார். எனவே மட்டையாலேயே விடை சொன்னார். அவ்வாண்டின் சிறந்த புதுமுக வீரர் விருதும், 1949-இல் தேசிய லீகின் மிகச் சிறந்த வீரர் விருதும் அவரைத் தேடி வந்தன. 1972-இல் அவர் மறைந்தார். அவர் அணிந்த 42 என்னும் எண்ணை இனி எவருக்கும் வழங்குவதில்லை என 1997-இல் எல்லாப் பெரிய குழுக்களுக்கும் பொதுவாக முடிவாயிற்று.

பெயரின் பயணம் அத்துடன் நிற்கவில்லை. டொமினிக்கன் குடியரசில் 1982-இல் பிறந்த தம் மகனுக்கு, ஜாக்கியின் நினைவாக ‘ராபின்சன்’ என்று முதற்பெயர் சூட்டினார் ஹோசே கனோ என்னும் பேஸ்பால் வீரர். மகனும் பெரும் வீரரானார். நியூயார்க் யாங்கீஸ் குழுவில் 42-ஐத் திருப்பிப் போட்டு 24 என்னும் எண்ணை அணிந்து ஆடினார். ஆனால் தடை செய்யப்பட்ட மருந்து தொடர்பாக 2018-இலும் 2020-இலும் தண்டனைக்கு உள்ளானார்.

நண்பர்களே, பெயரைப் பெற்றோர் சூட்டிவிடலாம். அதிலுள்ள புகழையும் ஒளியையும் நாம்தான் உழைத்துச் சேர்க்க வேண்டும். சேர்த்ததைக் காக்கவும் வேண்டும்.