பள்ளி விட்ட பிறகு நம் பிள்ளைகள்



அன்றைக்குப் பகல் இரண்டு மணி இருக்கும். கோல சிலாங்கூர் மாவட்டத்துச் சிறு பட்டணம் ஒன்றில் பேருந்துக்காக நின்றிருந்தோம். இடைநிலைப்பள்ளி விட்டு நம் பிள்ளைகள் பத்துப் பேர் வந்து சேர்ந்தார்கள். பதின்மூன்று, பதினான்கு வயதுதான் இருக்கும். வந்ததும் ஒரே கூச்சல். ஒருவன் மற்றவனின் புத்தகப் பையைச் சாலையில் தூக்கி எறிந்தான். கெட்ட வார்த்தை தாராளமாக வந்தது. கிளினிக்கிலிருந்து மருந்துப் பையோடு வந்த பெரியம்மா ஒருவர் நின்றுகொண்டே இருந்தார். இடம் கொடுக்க ஒருவனும் எழவில்லை.

எதிரே ஒட்டுக்கடை வைத்திருப்பவரும் நம்மவர்தான். அவர் சொன்னது இதுதான்: "லீவு மாசத்துல கடைக்கு ரெண்டு பையன் வேணுங்க. தோட்டத்துப் பிள்ளைங்களுக்குக் கொடுக்கணும்னு ஆசைதான். ஆனா இந்தக் கூத்தைத் தினமும் பார்க்கிறேனே, எப்படிங்க நம்பிக் கூப்பிடறது?"

நாம் கவனித்தவரை, ஆட்டம் போட்டவர்கள் நான்கு பேர்தான். மற்ற ஆறு பேரும் ஒதுங்கி நின்றார்கள். ஆனால் வேலை பத்துப் பேருக்கும் போயிற்று.

இந்தப் பிள்ளைகள் பிறவியிலேயே கெட்டவர்களா? இல்லவே இல்லை. தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்தவரை எந்தத் தப்புச் செய்தாலும், "நீ இன்னார் மகன்தானே?" என்று கேட்க லயத்தில் நாலு பேர் இருந்தார்கள். ஆறாம் ஆண்டு முடிந்ததும் பட்டணத்துப் பள்ளி. பாடம் மலாய்மொழியில். பள்ளியும் பெரிது, கூட்டமும் பெரிது. அங்கே அவனை யாருக்கும் தெரியாது. படிப்பில் பேர் வாங்க முடியாதவன் சத்தம் போட்டாவது பேர் வாங்கப் பார்க்கிறான். பெற்றவர்களோ விடியுமுன் பெரட்டுக்குப் போனவர்கள். பள்ளி விட்டதிலிருந்து வீடு சேரும்வரை கேட்பாரில்லை.

ஒரு பழைய செய்தியைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. ஆர்.எச்.நாதன் போன்றோர் முன்னின்றார்கள். கூலி உயர்வு மட்டும் அவர்கள் கேட்கவில்லை. துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும், பிள்ளைகளுக்குச் சரியான கல்வி வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும் என்றும் கேட்டார்கள். துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் போயின. சாலையில் தலைநிமிர்ந்து போக அந்தத் தலைமுறை இந்த விலை கொடுத்தது. அதே சாலையில் நம் பிள்ளைகளைக் கண்டு பிறர் முகம் சுளிக்கலாமா?

1970-ல் பிரகடனமான ருக்குன் நெகாராவின் ஐந்தாவது கோட்பாடே நன்னடத்தையும் ஒழுக்கமும்தான். பிள்ளைகள் பள்ளியில் அதை வாயால் சொல்கிறார்கள். அதைச் செய்து காட்ட வேண்டிய இடம் பேருந்து நிறுத்தம்.

நாம் செய்யக்கூடியவை சில உண்டு. "ஒழுங்கா இரு" என்று பொதுவாகச் சொன்னால் பிள்ளைக்கு விளங்காது. பெரியவர் வந்தால் எழுந்து இடம் கொடு, வரிசையில் ஏறு, இறங்கும்போது ஓட்டுநருக்கு நன்றி சொல், குப்பையைத் தொட்டியில் போடு என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். அப்படி நடந்த பிள்ளையை அன்று மாலையே நாலு பேர் காதில் விழும்படி பாராட்டுங்கள். தப்புச் செய்தவனை மட்டும் தனியே அழைத்துக் கண்டியுங்கள். நாலு பேர் முன்னால் அடி வாங்கியவன் மறுநாள் அந்த நாலு பேர் முன்னால்தான் முறைத்துக்கொண்டு நிற்பான்.

பிள்ளைகள் இறங்கும் நேரத்தில் வேலை முடிந்த பெற்றோர் ஒருவர், முறை வைத்து, நிறுத்தத்தில் நிற்கலாம். அதட்ட வேண்டாம், "என்னா தம்பி, பசியாறினியா?" என்று கேட்டாலே போதும். கோயில் மண்டபத்தையோ மன்றத்தையோ மாலையில் இரண்டு மணி நேரம் திறந்துவிடுங்கள். 1950-களில் தமிழ் முரசு ஆசிரியர் கோ.சாரங்கபாணி வளர்த்த மாணவர் மணிமன்றம், பிள்ளைகளுக்கு எழுதவும் பேசவும் கூடவும் இடம் கொடுத்தது. போக ஓரிடம் இருந்தால் தெருமுனையில் நிற்பவர்கள் குறைவார்கள்.

இன்னொன்று. 2024 அக்டோபரில் நடப்புக்கு வந்த சட்டப்படி 18 வயது ஆகாதவர்கள் சிகரெட்டோ வேப்போ வாங்குவதும் புகைப்பதும் குற்றம். "சும்மா சிநேகிதன் கொடுத்தான்" என்று சொல்லித் தப்ப முடியாது. இதையும் சொல்லி வையுங்கள்.

கடைசியாக நமக்கு நாமே ஒரு கேள்வி கேட்டுக்கொள்வோம். அந்தக் கெட்ட வார்த்தைகளைப் பிள்ளை எங்கே கற்றான்? பள்ளிப் புத்தகத்தில் அவை இல்லை. நம் வீட்டு வாசலிலும் கள்ளுக்கடைப் பேச்சிலும் இருந்தால், திருத்தம் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

அந்த ஒட்டுக்கடைக்காரர் அடுத்த லீவுக்கும் பையன் தேடுவார். அப்போது, "அந்தத் தோட்டத்துப் பிள்ளையா? கண்ணை மூடிக்கிட்டு எடுக்கலாங்க" என்று அவர் வாயாலேயே சொல்ல வேண்டும். சொல்ல வைப்போமா?