காற்றுக்கும் கப்பல் கூலி

குளிர்பானம் அடைக்கும் அலுமினிய டின் ஒன்றைக் காலியாகக் கையிலெடுத்துப் பாருங்கள். 330 மில்லி கொள்ளும் அதன் எடை ஏறத்தாழ 13 கிராம். சுவரின் கனமோ தலைமயிரளவு.

40 அடி நீள உயரவகைக் கண்டெய்னர் 25 டன்னுக்கு மேல் சுமக்க வல்லது. உள்ளே 76 கன மீட்டர் இடம். டின்களால் நிரப்பினாலோ ஒன்றரை லட்சத்தை எட்டுவதே அரிது. அவற்றின் எடை 2 டன்னைத் தாண்டாது. மீதியெல்லாம் காற்று!

ஆகவே இங்கே கணக்கு எடையில் இல்லை, இடத்தில்தான். வட்டங்களைச் சதுரமாக அடுக்கினால் தரையில் 78.5 விழுக்காடே நிரம்பும். ஒரு வரிசையின் இடுக்கில் அடுத்ததைப் பொருத்தித் தேன்கூடுபோல் அடுக்கினால் 90.7. கணித வகுப்பில் உறங்கிய நண்பர்களும் லாபத்தை உணர்வர்! அடுக்குக்கு அடுக்கு அட்டை வைத்து, பட்டையால் இறுக்குகிறார்கள். எத்தனை அடுக்கு என்பதைக் கூரை முடிவு செய்வதில்லை, கதவுதான். உள்ளுயரம் 2.69 மீட்டர், கதவு 2.58. அந்த வேறுபாட்டிலேயே ஏறக்குறைய ஓர் அடுக்கு டின் போய்விடுகிறது.

மூடியின் கதை வேறு. ஒன்றினுள் ஒன்று அமர்ந்து, காகித உறையில் நாணயச் சுருள்போல் நூற்றுக்கணக்கில் அடங்கும். ஒரு கண்டெய்னரில் பல பத்து லட்சம். அங்கே எடை வரம்பையும் பார்க்கவேண்டியதுதான்.

எனவே மூடி கடல் கடக்கலாம். டின் ஆலையோ பானம் அடைக்குமிடத்துக்கு அருகே இருப்பதே சிக்கனம். 'பால்' என்னும் அமெரிக்க நிறுவனம் (கறக்கும் பாலன்று!) ஆந்திர எல்லையிலுள்ள ஸ்ரீசிட்டியில் ஆலை நடத்துகிறது, தென்னாட்டுப் பான ஆலைகளுக்கு அங்கிருந்து லாரியே போதும். உள்நாட்டு டின் போதாமல் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால், காற்றின் கூலியும் பானத்தின் விலையில் ஏறிவிடும்.