தேதி இருந்தும் எண்ணெய் கெடுவது ஏன்?



ஒரு கோடையில், எங்கள் கடையில் வாங்கிய கடலை எண்ணெய் பாக்கெட்டை வாடிக்கையாளர் ஒருவர் திருப்பிக் கொண்டுவந்தார். பிரித்தால் சிக்கு வாடை. தேதி முடிய இன்னும் இரண்டு மாதம் இருந்தது. கம்பெனியைக் குறை சொல்லத்தான் முதலில் தோன்றியது. குடோனுக்குள் போய் நின்ற பிறகுதான் விஷயம் விளங்கியது. தகரக் கூரைக்கு நேர் கீழே அந்தப் பெட்டிகளை அடுக்கியிருந்தோம். தவறு எங்களுடையதே.

எண்ணெயும் காற்றிலுள்ள ஆக்ஸிஜனும் சேரும் வேதிவினையால்தான் சிக்கு வாடை வருகிறது. அதை அறவே தடுக்க முடியாது. அதன் வேகத்தைக் குறைப்பது நம் கையில் இருக்கிறது.

சந்தையை நினைத்துப் பாருங்கள். விலை கேட்பவர் ஆயிரம் பேர்; கையில் போதிய பணம் உள்ளவரே வாங்குகிறார். மூலக்கூறுகளும் அப்படித்தான். ஓயாமல் மோதிக்கொண்டாலும், போதிய ஆற்றலோடு மோதுபவை மட்டுமே வினைபுரியும். வெப்பம் கூடினால் அப்படிப்பட்டவற்றின் எண்ணிக்கை பெருகும். வெப்பத்துக்கும் வினை வேகத்துக்கும் உள்ள இந்தத் தொடர்பை ஸ்வீடன் விஞ்ஞானி அர்ரீனியஸ் 1889-இல் சமன்பாடாக எழுதிக் காட்டினார்.

வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் பல வினைகளின் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும் என்பது பொதுக் கணக்கு. அதன்படி 30 டிகிரியில் ஆறு மாதம் தாங்கும் சரக்கு, 40 டிகிரியில் மூன்று மாதமே தாங்கும். சரக்குக்குச் சரக்கு இது மாறும் என்றாலும், எச்சரிக்கைக்கு இந்தக் கணக்கு போதும்.

செம்பும் இரும்பும் வினையூக்கிகள். சந்தையில் விலையைக் குறைத்தால் வாங்குபவர் கூடுவதுபோல, இவை பட்டால் எண்ணெய் விரைவில் கெடும். வெயிலும் அப்படியே கெடுக்கும். முழு மல்லியைவிட மல்லித்தூள் சீக்கிரம் மணம் இழப்பதற்குக் காரணம், பொடித்தபின் காற்றுப் படும் பரப்பு பல மடங்கு பெருகுவதே.

செக்கு வைத்து ஆட்டும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. எண்ணெய் முதலில் மெல்லத்தான் கெடும். தொடங்கிவிட்டால் கெட்டதே மேலும் கெடுக்கும். டிரம்மின் அடியில் மிஞ்சிய பழைய எண்ணெயின் மேல் புதிதை ஊற்றினால் புதிதின் ஆயுளும் குறைந்துவிடும். டிரம்மைக் கழுவி, ஈரம் போக உலர்த்திய பிறகே நிரப்புங்கள்.

மற்றவர்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: எண்ணெய்ப் பெட்டிகளைக் கூரைக்குக் கீழே உயர அடுக்காமல் நிழலான தாழ்ந்த இடத்தில் வையுங்கள். பாட்டில்களை வெயில் படும் முகப்பில் நிறுத்தாதீர்கள். பொடி வகைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொள்முதல் செய்யுங்கள். முதலில் வந்த சரக்கை முதலில் விற்றுவிடுங்கள். குடோனில் ஒரு வெப்பமானியை மாட்டிவையுங்கள்.

பாக்கெட்டில் அச்சிட்ட தேதி, சரக்கை முறைப்படி வைத்திருந்தால்தான் செல்லும். திரும்பி வந்த ஒரு பாக்கெட்டின் நஷ்டம் சிறிது. அந்த வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விட்டால் ஆகும் நஷ்டம் பெரிது.