கை ஊன்றினால் மணிக்கட்டு ஏன் வலிக்கிறது?

மட்டக்களப்பு வாவியில் இறங்கி வலை வீசியவர், தோணி விளிம்பில் உள்ளங்கையை ஊன்றித்தான் மீண்டும் ஏறுகிறார். காத்தான்குடியில் தொழுகையில் சுஜூது செய்பவரும், பாயிலிருந்து எழும்பும் அம்மம்மாவும் அப்படியே. சும்மா இருக்கையில் தெரியாத வலி அப்போது சுள்ளென்று ஏறுகிறது. ஏன்?

மணிக்கட்டில் 8 சிறு எலும்புகள். கை நேராக இருந்தால் பாரத்தில் சுமார் 80 சதவீதம் பெருவிரல் பக்க முன்கை எலும்புக்குப் போகிறது. மீதி சுண்டுவிரல் பக்கத்துக்கு. அங்கே முக்கோணக் குருத்தெலும்பு ஒன்று மெத்தையாக இருக்கிறது. கையைப் பின்னால் மடக்கி ஊன்றும்போது மணிக்கட்டின் மேற்புறம் நெருக்குப்படுகிறது. முறுக்கியபடி அழுத்தினால் அந்த மெத்தை அரைபடுகிறது.

முழு ஓய்வு மட்டும் போதாது. தசைநார் பாரம் தாங்கித்தான் பலப்படும். எழும்பும்போது சில வாரம் முஷ்டியால் ஊன்றுங்கள். மணிக்கட்டு நேராக நிற்கும். பயிற்சியைச் சுவரில் தொடங்குங்கள்: உள்ளங்கையை வைத்து மெதுவாகச் சாய்ந்து, பத்து எண்ணி விடுங்கள். வலி கூடாவிட்டால் மேசைக்கும் பின்பு தரைக்கும் மாறலாம். நிறை பார்க்கும் தராசைக் கையால் அழுத்தி, எத்தனை கிலோவில் வலிக்கிறது என்று குறித்துவந்தால் முன்னேற்றம் தெரியும். எனக்குப் பிடித்த சோதனை இது.

விழுந்து கை ஊன்றிய பின் பெருவிரல் அடியில் வலித்தால் பயிற்சியே வேண்டாம். அங்குள்ள படகெலும்பு முறிவு முதல் எக்ஸ்ரேயில் தப்பிவிடலாம். இரத்தவோட்டம் குறைந்த எலும்பு, ஒட்டாமலே போகக்கூடும். உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.