நெட் கட் ஆனால் ஆபீஸ் வேலை போயிடுமா? 'செஷன் டைம்அவுட்' எப்படி வேலை செய்கிறது?

கொடைக்கானல் அருகே பள்ளங்கி போன்ற மலைக்கிராமத்தில் இருந்து 'வொர்க் ஃப்ரம் ஹோம்' பார்ப்பவர்களுக்கு, மழை வந்தாலே ஒரு பயம்தான். நெட் கட் ஆனால், ஆபீஸ் சர்வரில் பாதியில் நிற்கும் வேலை போயிடுமா?

உடனே போகாது. விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்பில் இணைப்பு அறுந்தாலும், உங்கள் 'செஷன்' சர்வரில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். திரும்ப உள்ளே வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

அப்புறம் என்ன சிக்கல்?

ஆள் இல்லாத செஷன்களும் சர்வரின் மெமரியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மற்றவர்களுக்கு சர்வர் திணறும். அதனால் அட்மின், 'குரூப் பாலிசி'யில் கெடு வைக்கலாம். 1 நிமிடத்திலிருந்து 5 நாள் வரை தேர்வு செய்ய முடியும். கெடு தாண்டினால் செஷன் மூடப்படும். சேமிக்காத ஃபைல் காலி!

5 நிமிடக் கெடு, நெட் நிற்காத ஊருக்குச் சரி. கரன்ட் வர ஒரு மணி நேரம் ஆகும் ஊருக்கு?

என்ன செய்யலாம்?

* உங்கள் ஐடி டீமிடம் கெடு எவ்வளவு என்று கேளுங்கள். உங்கள் ஊர் நிலவரத்தைச் சொல்லி, கூட்டித்தரக் கேட்கலாம்.
* அடிக்கடி 'சேவ்' பண்ணுங்கள்.
* வேலை முடிந்ததும் விண்டோவை மட்டும் மூடாமல், 'சைன் அவுட்' செய்யுங்கள். அடுத்தவருக்கும் சர்வர் வேண்டுமே!