காதற் படங்களில் காணாமற்போனவள்

காதல் நகைச்சுவைப் படங்களுக்கு ஒரு வாய்பாடு உண்டு. சந்திப்பு, ஊடல், பிரிவு, மறுபடி கூடல். யாழ்ப்பாணத்தில் தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் காதலின் பாஷையைப் பெரிதும் இப்படங்களிலிருந்தே கற்கின்றனர். ஓட்டிசம் உள்ள இளம்பெண்ணும் அவ்வாறே கற்கின்றாள் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

மட்டக்களப்பில் பிறந்த பாலு மகேந்திரா 1982 இல் தந்த ‘மூன்றாம் பிறை’யில், விபத்தினால் நினைவிழந்து குழந்தையாகிவிட்ட ஒரு பெண் வருகின்றாள். அவளது நிலை பிறவியில் வந்ததன்று. ஆயினும் எமது சினிமாவின் பார்வை அதில் தெளிவாகத் தெரிகின்றது. நெஞ்சு உடைவது நாயகனுக்கே. குணமடைந்த அவளுக்கு எதுவும் நினைவில்லை. 2012 இல் வெளிவந்த ‘பர்ஃபி’ என்ற இந்திப் படம் சற்று விலகி நடந்தது. ஓட்டிசம் உள்ள ஜில்மில், தான் நேசித்தவனின் கவனம் பழைய காதலியிடம் செல்வதைக் கண்டு பொறாது விலகிச் செல்கின்றாள். அந்த வேதனை அவளுடையதாகவே இருக்கின்றது. அவ்வேடமேற்ற பிரியங்கா சோப்ரா ஓட்டிசம் உள்ளவரல்லர் என்பது வேறு கதை.

எமது படங்களில் ‘இல்லை’ என்றால் ‘ஆம்’ என்று பொருள், மௌனம் சம்மதம். சொல்லைச் சொல்லாகவே எடுத்துக்கொள்ளும் பெண்ணுக்கு இது ஆபத்தான பாடம். ‘பிறகு பார்ப்போம்’ என்று ஒருவன் நழுவினால், அவள் மாதக்கணக்கிற் காத்திருக்கக்கூடும். நாளாந்த ஒழுங்கையே பற்றுக்கோடாகக் கொண்டவளுக்குப் பிரிவு என்பது ஓர் ஆளை மட்டும் இழப்பதன்று. அவனது அழைப்பு வரும் மாலை ஏழு மணியையும் இழப்பதாகும். துயரம் உடனே கண்ணீராக வராது, வாரங்கள் கழித்து உணவு மறுப்பாகவோ உறக்கமின்மையாகவோ வெளிப்படலாம். வீட்டாரோ ‘அவளுக்கு என்ன விளங்கும்’ என்பர்.

விளங்கும். இலங்கை 2016 இல் ஏற்றுறுதி செய்த, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தின் 23 ஆம் உறுப்புரை, சுயசம்மதத்துடன் மணம்புரியும் உரிமையை அவர்களுக்கும் உறுதிசெய்கின்றது. கோண்டாவில் சிவபூமி போன்ற பாடசாலைகளிற் பயிலும் சிறுமியரும் நாளை வளர்ந்த பெண்களே.

மனம் ஆறுவதற்குப் புதிய நாயகன் வரவேண்டியதில்லை. ‘அவர் இனி அழைக்கமாட்டார், அது உன் பிழையன்று’ என்று சுற்றிவளைக்காது சொல்லவேண்டும். தேவையாயின் எழுதிக் கொடுக்கவேண்டும். பிறகு, வெறுமையாகிவிட்ட அந்த ஏழு மணிக்கு அவள் தானே தெரிந்தெடுக்கும் வேறொன்றை வைக்கவேண்டும்.